உள்ளே இருக்கும் ஒருவர்

மடிக்கணினியின் மூடி அவன் விரல்கள் மேல் இறங்கியது.

மூடியது கை இல்லை. பூட்ஸ் போட்ட கால்.

அவன் அலறினான்.

அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. அம்பத்தூரில் மத்தியான வேளையில் எந்தக் கிடங்கிலிருந்து என்ன சத்தம் வந்தாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஊரே இரும்படிக்கிற இடம்.

"பேரைச் சொல்லுடா," என்றான் பூட்ஸ்காரன்.

காலையிலிருந்து இதே கேள்விதான்.

இந்த மடிக்கணினியைத்தான் போன வருஷம் தன் யூடியூப் சேனலில் வாயாரப் புகழ்ந்திருந்தான். முழு உலோகம், மேலே ஏறி நின்றாலும் வளையாது நண்பர்களே என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

இப்போது ஏறி நிற்கிறார்கள். வளையவில்லை.

முதலாளி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. பொறியாளர்களும் கணக்காளர்களும் வாங்குகிற மடிக்கணினி அவர் கம்பெனியுடையது. அடுத்து வரப்போகும் மாடலின் பெயரும், அதற்குள் வைக்கும் சிப்பும் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் வடிவமைப்புத் தலைவர் தணிகைவேல்.

இரண்டையும் இவன் வீடியோவில் போட்டு உடைத்துவிட்டான். பெயர், தீரா இருபத்துமூன்று. சிப், விசிறியே தேவைப்படாத, சூடேறாத ரகம்.

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தணிகைவேல் இருந்தார். அவர் அலறுவதும் கேட்டது.

அந்த மனுஷரை இவன் பார்த்ததே இல்லை.

யாரும் சொல்லவில்லை. அதுதான் சத்தியம். எல்லாம் ஊகம்.

முதல் மாடல் தீரா ஐந்து. அடுத்தது ஆறு என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தது பதினான்கு. ஒன்றும் நாலும் ஐந்து. முதலாளியின் கார் நம்பரைக் கூட்டினாலும் ஐந்து. நியூமராலஜி பார்க்காமல் பல் துலக்காத மனுஷர் அடுத்து எங்கே போவார்? மற்ற சேனல்காரர்கள் பதினைந்து, பதினாறு என்று கூவிக்கொண்டிருந்தபோது இவன் இருபத்துமூன்று என்றான். சிப் விஷயம் அதைவிடச் சுலபம். பழைய மாடல் தொடையைப் பொசுக்குகிறது என்று வாங்கினவனெல்லாம் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தான். சிப்பை மாற்றாமல் கம்பெனி பிழைக்காது.

இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோயிற்று. நம்ப ஆளில்லை.

நம்பாததற்குக் காரணமும் அவனேதான்.

பூட்ஸ்காரன் போனை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினான். வீடியோவில் அவன் கண்ணடித்துச் சிரித்தான். கம்பெனிக்கு உள்ளே இருக்கும் ஒருவர் சொன்னது, நண்பர்களே.

அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வெறும் ஊகம் என்றால் எவன் பார்ப்பான்? சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி ஒரு சிட்டிகை போட்டான். அவ்வளவுதான்.

"தணிகைவேல்னு ஒரு வார்த்தை சொல்லு. கிளம்பிப் போய்க்கிட்டே இரு."

அவன் ஒன்றும் வீரன் இல்லை. அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ முறிந்தது. மரமோ, எலும்போ.

பெயரை விழுங்கினான்.

"சார், இதுக்கு அடுத்து வர்றதையும் சொல்றேன். நீங்க மனசுல வச்சிருக்கிற பேரு. சரியா இருந்தா அவரை விட்டுடுங்க."

முதலாளி கையைத் தூக்கினார். பூட்ஸ் நின்றது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தப்பாகச் சொன்னால் இரண்டு பேருக்கும் இன்றோடு சரி.

"முப்பத்திரண்டு."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. மடியில் இருந்த விரல்கள் தாமாகவே கூட்டிப் பார்த்தன. மூன்று, இரண்டு.

"இதை என் பொண்டாட்டிகிட்டகூட இன்னும் சொல்லல," என்றார்.

தன் ராசி இவ்வளவு மலிவா என்ற அவமானம் அவர் குரலில் இருந்தது. மன்னிப்பு இல்லை. எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். இரண்டு பேரையும் விட்டுவிடச் சொல்லிவிட்டு வெளியே போனார். பூட்ஸ்காரன் பின்னாலேயே ஓடினான்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவன் மூடியைத் தூக்கி விரல்களை எடுத்தான். அவை தன்னுடையவை மாதிரியே இல்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று, வெட்கமில்லாமல், சந்தோஷமாக இருந்தது.

தகரக் கதவு திறந்தது.

தணிகைவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் கண்ணாடி இல்லை. வலது கையைச் சட்டையால் சுற்றியிருந்தார். சட்டை நனைந்து சொட்டியது. வரைகிற கை.

அவனைப் பார்த்ததும் நின்றார். வீடியோவில் பார்த்த முகம்தானே.

திட்டுவார் என்று நினைத்தான். அறைந்தால்கூடத் தேவலை.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கோபம் வரக்கூடத் தெம்பில்லாத குரலில், தெரிந்துகொள்ள மட்டுமே கேட்டார்.

"உள்ள இருக்கிற ஒருத்தர் சொன்னாருன்னு சொன்னீங்களே தம்பி. யாரு அது?"

காலையிலிருந்து கேட்ட அதே கேள்வி. இந்த முறை யாரும் அடிக்கவில்லை.