ஆறு புத்தகக்காரர்

"அங்கிள், அது கர்ப்பிணிகளுக்கான சமையல் குறிப்பு."

யோகேஸ்வரியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

புவனேசன் கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். அட்டையில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இருக்கட்டும்மா. வயிறு எல்லாருக்கும்தான் இருக்கு." தன் தொப்பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அதையும் அடுக்கில் சேர்த்துக்கொண்டார்.

மொத்தம் ஆறு. இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை செமிலிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் டவுன் நூலகத்துக்கு வருவார். தமிழ் அலமாரியில் போன முறை விட்ட இடத்திலிருந்து ஆறு புத்தகம் உருவுவார். பெயரைப் பார்ப்பதில்லை. ஜோதிடமா, நாவலா, சர்க்கரை நோயா, எல்லாம் ஒன்றுதான். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பக்கத்தின் முனைகூட மடங்கியிருக்காது.

இப்படி ஓர் ஆள் கண்ணெதிரே நடமாடினால் யார்தான் வரையாமல் விடுவார்கள்?

டிகிரி முடித்துப் பதினோரு மாதம். வேலைக்கு மனு போட்ட நேரம் போக, யோகேஸ்வரி நூலகத்து ஏர்கோனுக்கு அடியில் உட்கார்ந்து கேலிப்படம் வரைவாள். "எம்பொண்ணு லைப்ரரியே கதின்னு கெடக்கிறா" என்று வீட்டில் பெருமை வேறு.

வாசிப்பு மாதக் கேலிப்படப் போட்டிக்கு இன்று நான்கு மணிதான் கடைசி. ஜெயிக்கிற படத்தைப் பெரிதாக அச்சடித்து நூலக வாசலில் மாட்டுவார்களாம், கீழே பெயரோடு. அவள் குடும்பத்தில் யார் பெயரும் இதுவரை எந்தச் சுவரிலும் ஏறியதில்லை. கோயில் டியூப்லைட்டில்கூட.

நான்கு கட்டம். முதல் கட்டத்தில் புவனேசன் நூலகத்துக்கு வருகிறார். இரண்டாவதில் புத்தகங்களைக் குவிக்கிறார். மூன்றாவதில் அதன்மேல் தலைவைத்துத் தூங்குகிறார். நான்காவதில் புத்தகங்களெல்லாம் தலையில் அடித்துக்கொள்கின்றன. அடியில் ஒரு வரி.

"முடிச்சிட்டியா?" கவுண்டரிலிருந்து குணசுந்தரி அக்கா கேட்டார்.

"முடிஞ்சிருச்சுக்கா!"

தாளைத் தூக்கிக் காட்டியதுதான் தப்பு. அந்த நேரம் பார்த்து புவனேசன் திரும்பிவிட்டார்.

"ஏய், இது நான்தானே? மீசை சரி, மூக்கு என்னா இவ்ளோ பெருசு லா!"

யோகேஸ்வரி சடை நுனியைத் திருகினாள். "சும்மா... காமெடிக்கு, அங்கிள்."

"கீழ என்ன எழுதியிருக்க? படி."

"நீங்களே படிங்களேன்."

"படிக்கத் தெரிஞ்சா உன்னைய ஏன் கேக்கிறேன்? தோட்டத்துப் பள்ளியில ரெண்டாம் வகுப்போட வாத்தியாரு என்னைய விட்டுட்டாரு, நானும் வாத்தியார விட்டுட்டேன்."

வேறு எதையாவது படித்துச் சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாக்கு வளையவில்லை. உள்ளதையே படித்தாள், கொசுவின் குரலில்.

"'இந்த நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் இவரைத் தெரியும். இவருக்குத்தான் ஒரு புத்தகத்தையும் தெரியாது.'"

புவனேசன் சிரித்த சிரிப்பில், மூலையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"உண்மையத்தானே போட்டிருக்க!"

"அப்புறம் எதுக்கு அங்கிள் எடுத்துட்டுப் போறீங்க?"

"நான் லோரி ஓட்டினவன்மா. மூணு வருஷம் யாரும் எடுக்காத புத்தகத்தை இங்க கழிச்சிருவாங்க. ஒரு தடவ அந்தப் பெட்டியெல்லாம் நான்தான் ஏத்திட்டுப் போனேன். பழைய பேப்பர அரைச்சு முட்டை அடுக்குற தட்டு செய்யிற ஃபேக்டரிக்கு. பாதிப் பெட்டி நம்ம புத்தகம். படிக்கத் தெரியாட்டியும் தமிழ் எழுத்துன்னு பாத்தா தெரியாதா? ஒரு மாசம் எனக்கு முட்டையே எறங்கல."

"அதனால?"

"மிச்சம் நானூத்திச் சொச்சம் இருக்கு. தடவைக்கு ஆறுதான் குடுப்பாங்க. வரிசையா எடுத்துக்கிட்டே வந்தா மூணு வருஷத்துக்குள்ள ஒரு சுத்து முடிஞ்சிரும். மறுபடி முதல்லேர்ந்து." புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டார். "வேற யாராச்சும் எடுத்தா நானும் ஒரு திங்கட்கிழமை கோலா மூடாவுக்கு மீன் பிடிக்கப் போவேன். எங்க!"

வெளியே மோட்டார் சைக்கிள் இருமிக்கொண்டு கிளம்பியது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"கொஞ்சம் கொஞ்சம்," என்றார் குணசுந்தரி அக்கா. "ஒரு தடவ ஆறும் ஆறாம் ஆண்டுப் பரீட்சை வழிகாட்டி. 'எப்பண்ணே பரீட்சை?'ன்னேன். 'நாளைக்கு'ன்னுட்டுப் போயிட்டாரு."

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகத் தமிழ் அலமாரிக்குப் போனாள். கைக்கு வந்த ஆறு புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தாள்.

"இனிமே நானும் எடுக்கிறேன்க்கா. அவரு மீன் பிடிக்கப் போகட்டும்."

"நல்லது. கார்டு குடு."

பையைத் துழாவினாள். அடையாள கார்டு வந்தது. பஸ் கார்டு வந்தது. பபில் டீ கடைக் கார்டு வந்தது, பத்து முத்திரைக்கு ஒன்பது குத்தியாகிவிட்டது.

குணசுந்தரி அக்கா டிராயரைத் திறந்தார். புது உறுப்பினர் விண்ணப்பப் பாரம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலாகப் போவுது. படத்தைக் குடுக்கிறியா, இல்லியா?"

"பத்து நிமிஷம்க்கா," என்றாள் யோகேஸ்வரி, பாரத்தில் பெயரை எழுதியபடி. "வசனம் அப்படியே இருக்கட்டும். மீசைய எடுத்துட்டு ஒரு சடை மட்டும் போடணும்."