பம்பும் ஐந்தடி எட்டு அங்குலமும்

12.07.1978. இன்று கணக்கில் ஒரு சிறு பிழை விட்டேன்.

அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஸைனுலாப்தீன் முதலாளி, தொட்டிக்குத் தண்ணீர் ஏறுமா என்ற கணக்குச் சரிவந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். தரையிலுள்ள பம்பு ஆறடி உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தள்ளும். மீன்தொட்டிக் குழாயின் வாய் இருக்கும் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். மாலை வகுப்பில் படித்தபடி, வளைவுகளின் உராய்வுக்கு அரையடி கூட்டினேன்.

“ஏறாது” என்றேன்.

முதலாளி சுவிட்சைப் போட்டார்.

“தம்பி, ஏறாதெண்ட தண்ணி நான் போட்டிருக்கிற சேட்டை நனைக்குது. உயரத்த எதால அளந்தநீங்க?”

“டேப் இல்லை. பக்கத்தில நிண்டு பாத்தனான். சரியா என்ட உச்சந்தலை மட்டம்.”

அவர் டேப்பைப் பிடித்தார். ஐந்தடி மூன்று அங்குலம்.

“நாளைக்கு டேப்போட வாங்க.”

நாளைய வேலை: டேப் வாங்குவது. பிறகு பாலையூற்றுக் கல்யாணத் தரகரிடம் போய், பெண் வீட்டுக்குக் கொடுத்த என் உயரத்தைத் திருத்துவது.