ஸ்ட்ரெச்சரில் வந்த பலாப்பழம்

அந்த மலையூர் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சருக்கு, நோயாளி விவரம் எழுதும் நோட்டைக் கண்டாலே எரிச்சல். குண்டடிபட்டு யார் வந்தாலும், "துப்பாக்கி வீட்டுல எங்க இருந்துச்சு?" என்றுதான் நோட்டு கேட்கும்.

"உசுரு போற நேரத்துல இது என்ன கேள்வி?" என்றது ஸ்ட்ரெச்சர் ஒருநாள்.

"எல்லாரும் ஒரே பதிலத்தான் சொல்றாங்க, அண்ணே. பன்றி விரட்டன்னு துப்பாக்கியில குண்டைப் போட்டு, கதவுக்குப் பின்னாலயே சாத்தி வச்சிருந்தாங்களாம்."

டாக்டரம்மா நோட்டைப் படித்தார். வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கி ஒரு பெட்டிக்குள் போனது, குண்டு இன்னொரு பெட்டிக்குள், இரண்டுக்கும் பூட்டு.

ஆறு மாதமாகக் குண்டடிபட்டு ஒருவரும் வரவில்லை. இன்று ஊர்க்காரர்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு பெரிய பலாப்பழத்தை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிவந்தார்கள்.

நோட்டு பழக்கதோஷத்தில், "துப்பாக்கி எங்க இருந்துச்சு?" என்றது.

"துப்பாக்கியா? நான் மரத்துலயே பழுத்து இறங்கி வந்தவன்!" என்றது பலா.

ஸ்ட்ரெச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அதையும் எழுதிக்க, தம்பி!"