தேன்மெழுகும் சாதா மெழுகும்

"சார், இவரு மெழுகுவத்திய ரூம்ல ஏத்தி வச்சீங்கன்னா, காலையில சுவத்துக்கு வெள்ளையடிக்க ஆள் தேடணும்" என்றாள் சுலோசனா.

மேனேஜர் எழிலரசன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். கடற்கரைக்குப் பக்கத்தில் திறக்கப்போகும் கெஸ்ட் ஹவுஸுக்கு மெழுகுவர்த்தி, சோப்பு, க்ரீம் எல்லாம் வாங்குவது அவன் பொறுப்பு. பாரிஸிலிருந்து முதலாளி மதாம் வருவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். முன்பிருந்த மேனேஜர் வியாபாரிகளிடம் ஏமாந்துதான் வேலையை இழந்தார். மூலக்குளத்து மில் தொழிலாளி மகனான எழிலரசனுக்கு இந்த வேலை கிடைத்ததே குதிரைக்கொம்பு. ஏமாந்தோம் என்ற பேச்சுக்கே அவன் இடம்கொடுப்பதாக இல்லை.

அதனால்தான் இயற்கைச் சரக்கு விற்கிற சுலோசனாவையும் சாதாச் சரக்கு விற்கிறவரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி எதிரெதிரே உட்காரவைத்திருந்தான். இருவரும் முட்டிக்கொண்டால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்பது அவன் திட்டம்.

"திரி மொத்தமா இருந்தா தேன்மெழுகுந்தான் பொகையும்" என்றார் சேதராப்பட்டுக் கம்பெனிக்காரர் சாவகாசமாக. "எங்களுது பாரபின். எந்தக் கடையிலயும் கெடைக்கும். கரண்டு போனா தேனீயத் தேடிக்கிட்டா ஓடுவாங்க?"

"சித்திர வெயில்ல உங்க மெழுகுவத்தி குனிஞ்சு கும்புடு போடுமே, அதையும் சொல்லுங்க."

"உங்க கத்தாழ க்ரீம் மட்டும் என்னவாம்? இந்தக் கடக்காத்துக்கு வெரசா பூஞ்ச புடிச்சிடும். எங்களுதுல கெடாம இருக்க மருந்து போட்டிருக்கு."

"அந்த மருந்துதான் சில பேருக்குத் தோல அரிக்குது. நான் சின்ன டப்பாவுல, அப்பப்ப புதுசா செஞ்சி தரேன்." சுலோசனா மேனேஜர் பக்கம் திரும்பினாள். "இவரு பேச்ச நம்பனவங்க படற பாடு எனக்குத்தான் சார் தெரியும். நான் போற எடமெல்லாம் வந்து நிப்பாரு."

"இந்தம்மாகிட்ட வாயக் குடுத்து மீள முடியுமா சார்?" என்று அவர் கையை விரித்தார்.

எழிலரசன் இரண்டு மெழுகுவர்த்தியையும் ஏற்றி, மேலே வெள்ளைத் தட்டைப் பிடித்துக் கரியைப் பார்த்தான். ஒரு மணிக்கட்டில் அந்த க்ரீமையும் மறு மணிக்கட்டில் இந்த க்ரீமையும் தடவி முகர்ந்தான். பிறகு நீதிபதி தோரணையில் தீர்ப்பைச் சொன்னான்.

"ரூமுக்கு அம்மாவோட தேன்மெழுகு, க்ரீம். வராந்தாவுக்கும் கரண்டு போற நேரத்துக்கும் உங்க மெழுகுவத்தி. சோப்பும் உங்களுதே."

அதோடு விடவில்லை. இவரைக் காட்டி அவளிடமும், அவளைக் காட்டி இவரிடமும் விலையை இறக்கினான். இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார்கள்.

கம்பெனிக்காரர் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எழிலரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மதாமே வந்து வாங்கியிருந்தாலும் இவ்வளவு நேர்த்தியாக முடித்திருக்க முடியாது என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தோடு பேனாவைத் திறந்தான்.

"போனவரு கம்பெனி பேரு மட்டுந்தான் சொன்னாரு. அவரு பேரு என்னம்மா? கேட்ல சொல்லி வைக்கணும்."

இத்தனை நேரம் பட்டாசாய்ப் பொரிந்தவள் முந்தானை நுனியைத் திருக ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். முருகன் பேருதான்."

"முருகனா?"

"இல்ல சார். திருத்தணி மலையில நிக்கறாரே... அந்த மலைய வச்சிச் சொல்ற பேரு. நீங்களே சொல்லிடுங்களேன்."

"தணிகாசலமா?"

சுலோசனா தலையைக் குனிந்துகொண்டு 'ஆமாம்' என்று ஆட்டினாள்.

எழிலரசனின் பேனா அப்படியே நின்றுவிட்டது. கட்டின புருஷனைத் தவிர வேறு எவன் பெயருக்காகவும் ஒரு பெண்பிள்ளை இப்படி மலையேறிப் போகமாட்டாள்.