இடுப்பு வரைக்கும் தெரியணும்

"இடுப்பு ரெண்டா ஒடியுதுடா! இன்னும் எவ்வளவு நேரம் இதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார் கம்பிக்காரர். வாரம் முழுக்கக் குனிந்து கம்பி கட்டிய இடுப்பு அது. கையில் ஓர் அட்டை. அதில் கரியால் நட்சத்திரம் போலக் கோடுகள்.

"இன்னும் கொஞ்சம்தான் அண்ணே. ஆடாம நில்லுங்க."

பதில் அலுவலக அறைக்குள்ளிருந்து வந்தது. சொன்னவன் கல்லுளிமங்கன். ஆட்கள் வைத்த பெயர்தான்.

மலையைக் குடைந்து பாதை போடும் இடம். கைபேசி அங்கே விளக்கடிக்க மட்டும்தான் உதவும். ஞாயிறு மாலை, அலுவலகத்துப் பழைய கேமரா முன்னால் நின்று, ஆளுக்குப் பத்து நிமிடம் வீட்டாரோடு பேசலாம். ஆறு மணிக்கு லைனைத் துண்டித்துவிடுவார்கள். வரிசையில் மிச்சம் இரண்டே பேர். முதலில் கல்லுளிமங்கன், கடைசியாகக் கம்பிக்காரர்.

கல்லுளிமங்கன் பாறையில் துளை போடுகிறவன். வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று ஞாயிறும் கேமரா முன்னால் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி முகத்தைப் பார்த்தான், போய்விட்டான். இன்றைக்கு என்னவென்றால் சட்டைப் பையில் திருப்புளியோடு வந்து, கேமராவை வாசல் வழியே கம்பிக்காரரின் அட்டைப் பக்கம் திருப்பி வைத்துக் குடைந்துகொண்டிருக்கிறான்.

"முகம்தான் பளிச்சுனு தெரியுதே, வேற என்னய்யா வேணும்?" என்றார் ஆட்களுக்கு நேரம் குறிக்கும் டைம்கீப்பர்.

"இடுப்பு வரைக்கும் தெரியணும் சார்."

"ஏன், புது பெல்ட் வாங்கியிருக்கியா?"

"ஜூம் பண்ணிக் கிட்ட இழுத்தா தெளிவா இருக்கு. அகலமா வச்சா ஒரே மங்கல்."

"அப்ப இழுத்தபடியே இருக்கட்டும். நீ பின்னாடி தள்ளி நில்லு."

"பின்னாடி சுவருதான் சார் இருக்கு."

அது நிஜம். பழைய சரக்குப் பெட்டிதான் அந்த அறை. குறுக்கே படுத்தால் கால் இடிக்கும்.

"லென்ஸுக்கும் உள்ள படம் விழுற சில்லுக்கும் நடுவுல தூரம் மாறிப்போச்சு சார். நாம வைக்கிற வெடியில அதிர்ந்து அதிர்ந்து பின்வளையத்துத் திருகு இளகியிருக்கு. மயிரிழைதான். ஆனா அது போதும், படத்தைக் கெடுக்க. ரெண்டு வருஷம் வீடியோக் கடையில இருந்தேன்."

ஒரு மாதத்தில் அவன் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

கல்லுளிமங்கன் அட்டையின் படத்தை முழுதாகக் கிட்ட இழுத்து, லென்ஸின் முன்வளையத்தால் தெளிவாக்கினான். பிறகு படத்தை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வளையத்தைத் துளி நகர்த்தினான். மறுபடி இழுத்தான். மறுபடி விரித்தான். நான்காவது தடவை அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அதே நேரம் கடிகாரம் அலறியது. அவனுடைய பத்து நிமிடம் தீர்ந்தது.

கம்பிக்காரர் அட்டையை வீசிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். போன ஞாயிறு, "உனக்கு என்னடி தெரியும்?" என்று வரிசையே கேட்கும்படி மனைவியிடம் கத்தியிருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க ஒரு வாரமாக வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

திரையில் கல்லுளிமங்கனின் மனைவி. மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தங்கச்சி, நல்லா இருக்கியா?" என்றார் கம்பிக்காரர்.

அவள் இவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சரிதான். ஜாடிக்கேத்த மூடி. நகருடா, என் நேரம் ஆரம்பிச்சாச்சு."

"அண்ணே, உங்க பத்து நிமிஷத்தைக் கடனாக் குடுங்கண்ணே. அடுத்த ஞாயிறு என்னோடதையும் சேத்து இருபதா எடுத்துக்குங்க."

"பேசத் தெரிஞ்ச எனக்கே பத்து நிமிஷம் பத்தல. வாயே திறக்காத உனக்கு எதுக்குடா?"

"திருகை மட்டும் இறுக்கிடுறேன். ஒரே ஒரு நிமிஷம்ணே."

"ஒரு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."

அவன் திருகை இறுக்கினான். கேமராவை உள்பக்கம் திருப்பிவிட்டு, சுவரோடு முதுகு ஒட்ட நின்றான். திரையின் மூலையில் சின்னதாக அவன் உருவம். தலையிலிருந்து இடுப்பு வரை, சட்டைப் பொத்தானை எண்ணலாம் போல அத்தனை தெளிவு.

"இப்பவாவது பேசித் தொலையேன்," என்றார் டைம்கீப்பர்.

அவன் வாயைத் திறக்கவில்லை. பாறைத் தூசி படிந்த இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் தூக்கினான். விரல்கள் வேகவேகமாக மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன. அந்தப் பக்கம் அவள் நாற்காலியைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளினாள். காது கேளாத அந்தப் பெண்ணின் கைகளும் மேலே எழுந்து, ஒரு மாதப் பேச்சை மொத்தமாகப் பேசத் தொடங்கின.

"கம்பி, உன் நேரம் ஓடுது," என்று மெல்லச் சொன்னார் டைம்கீப்பர்.

"ஓடட்டும் சார்," என்று கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார் கம்பிக்காரர். பெண்டாட்டிக்குத் தர வேண்டிய மன்னிப்பு மட்டும் அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கி.