மாமனுக்கு ஆகாதவள்

முள்ளியவளைக்கு மகனுக்குப் பெண் பார்க்க வந்த வீரகத்தியர், நான்காவது வடையோடு சீதனப் பேச்சில் இறங்கினார்.

"வயலோட ஒரு சோடி எருமைக்கடாவும் வேணும்."

"அதுகள் ஏனப்பா?" என்றாள் அவர் மனைவி தெய்வானை.

"உனக்கென்னடி தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டிரு!"

பேச்சை மாற்ற நினைத்த பெண் அருந்ததி, "மாமி, இது நான் பிறந்த நாளிலயிருந்து அம்மா எழுதின கொப்பி. கலியாணத்தண்டைக்குத்தான் எனக்கே வாசிக்கத் தருவாவாம். நீங்கள் பாருங்கோ" என்று நீட்டினாள்.

தாய் கமலாசனிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மாற்றி எழுதுவித்த சாதகத்தைக் காட்டித்தான் இந்தச் சம்பந்தமே பொருந்தியிருந்தது. கொப்பியின் முதல் பக்கத்திலோ, 'என் செல்லம் மூல நட்சத்திரத்தில் பிறந்தாள். மூலத்துப் பெண் போகிற வீட்டில் மாமன் தங்கானாம். சாதகத்தை மாற்ற வேணும்' என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

தெய்வானை அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கணவரை ஒரு தரம் பார்த்தாள்.

"என்னடி எழுதியிருக்கு?" என்றார் அவர்.

"பிள்ளை ஆறாம் மாதமே கெதியாத் தவழ்ந்தவளாம்."

கொப்பியை மூடிக் கமலாசனியின் கையில் வைத்தாள்.

"கடா ஒண்டும் வேண்டாம், மச்சாள். வாற மாதமே தாலியைக் கட்டுவம்."