மரத்துக்குள் ஒரு ரம்பம்

"ஆபீசரை நீங்களே போன் போட்டுக் கூப்பிட்டீகளாக்கும்! கிறுக்கா பாய் உங்களுக்கு?"

தனசீலன் ரம்பத்தைக் கீழே போட்டான். வெளிநாட்டுச் சரக்கு வந்த மரப்பெட்டிகளை உடைத்துப் பலகையாக்கி விற்கும் பட்டறை அது. தாராவியில் கரீம் பாட்சா பட்டறை என்றால் தெரியும்.

"பலகையில ஓட்டை விழுந்து மாவு கொட்டுதுவே. இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. சொல்லாம விக்க மனசு வரல."

"அந்தம்மா வந்து எல்லாத்தையும் எரிக்கச் சொல்லுவா. பொறவு சோத்துக்கு என்ன செய்ய?"

சொல்லி வாய் மூடுவதற்குள் பயிர்ப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஷ்யாமளா வந்துவிட்டாள். அவள் பையிலிருந்து ஓர் ஊசியும், அதோடு ஒயரால் இணைந்த, காதில் மாட்டும் கருவியும் வெளியே வந்தன.

"இந்த மாதிரிப் பெட்டியில ஒரு அந்நிய வண்டு வரலாம்னு எங்களுக்குத் தகவல். உள்ள புழு இருந்தா சத்தம் கேக்கும். மெஷினெல்லாம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க பாய்."

"தாராவியிலயா? நல்லா நிறுத்துவானுவ!" தனசீலன் சிரித்தான்.

பாட்சா சந்தில் இறங்கிக் கத்தினார். "மிஷின் பந்த் கரோ பாய்! பாஞ்ச் மினிட்!"

தையல் மெஷின்கள் நின்றன. தகரம் அடிப்பது நின்றது. எதற்கென்றே தெரியாமல் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சந்து இப்படி மூச்சடக்கி நின்று தனசீலன் பார்த்ததில்லை. அவன் சிரிப்பும் தானாக அடங்கியது.

பலகையில் ஊசியைக் குத்திய ஷ்யாமளா கண்ணை மூடிக் கேட்டாள்.

"இருக்கு. நல்லவேளை, வாசல்லயே பிடிச்சிட்டோம். இது வண்டாகி வெளிய பறந்தா செம்பூர் வரைக்கும் ஒரு மரம் மிஞ்சாது. உள்ள நுழைஞ்சிட்டா அப்புறம் யாராலயும் துரத்த முடியாது."

"ஒரு புழுவுக்கா மேடம் இவ்வளவு மரத்தை எரிக்கணும்?"

"நீங்களே கேளுங்கண்ணா." கருவியை அவன் காதில் மாட்டினாள்.

கறுக்... கறுக்... கறுக்...

தனசீலன் வாய் பிளந்தான். காற்றில்லாத, வெளிச்சமில்லாத மரத்துக்குள் ஒரு சின்ன வாய் ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தது. களைப்பு இல்லை, இடைவேளை இல்லை. ஆயுசெல்லாம் மரம் அறுத்தவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"எரிச்சிருவோம் பாய்," என்றான் மெதுவாக.

"பாத்தியா, இப்பதான் புத்தி வந்திருக்கு," என்றார் பாட்சா.

தனசீலன் கருவியைக் கழற்றவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.

"மேடம், போன பக்ரீதுக்கு வந்த பெட்டியில எங்க வீட்டுக்கு ஒரு கட்டில் செஞ்சேன். ஆண்டாப் ஹில்லுல. விளக்கை அணைச்சா இதே சத்தந்தான். என் பொஞ்சாதி எலின்னு நெனச்சு பொறி வச்சிருக்கா."